ஸ்கிராபோ: 160 மீட்டரில் ஒரு செக்‌ஷனல் வியூ

எம்.எஸ்சி. படிக்க பெல்ஃபாஸ்ட் போன சீனியர் யாராவது உங்க டிபார்ட்மென்ட்ல இருக்காங்களா? வீக்எண்ட்ல எங்க சுத்தினீங்கன்னு கேட்டுப் பாருங்க. ஜெயன்ட்ஸ் காஸ்வேன்னு சொல்வாங்க, இல்லன்னா மோர்ன் மலைன்னு சொல்வாங்க. இந்தக் கட்டுரை அந்த ரெண்டையும் பற்றியது இல்ல. பெல்ஃபாஸ்ட்ல இருந்து கிழக்கே சுமார் 16 கிலோமீட்டர்ல நியூடவுனார்ட்ஸ்னு ஒரு ஊர் இருக்கு. பஸ்லயே போயிடலாம். அந்த ஊரை ஒட்டி நிக்கிற ஸ்கிராபோங்கிற குன்றைப் பற்றித்தான் இங்க பேசப் போறோம்.

உயரம் சுமார் 160 மீட்டர்தான். மோர்ன் மலைத்தொடரோட உச்சியான ஸ்லீவ் டோனார்ட் 850 மீட்டர், அதோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல. ஆனா எஞ்சினியரிங் படிக்கிற நமக்கு இந்தச் சின்னக் குன்று ஒரு செக்‌ஷனல் வியூ மாதிரி. அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒவ்வொரு லேயரா தெரியும். "இது ஏன் இங்க இருக்கு?", "இதுக்கு யார் விலை கொடுத்தாங்க?" இந்த ரெண்டு கேள்வியையும் கையில வெச்சுக்கிட்டு ஏறிப் பாருங்க.

முதல்ல பேரு

குன்றுக்குக் கீழே விரிஞ்சு கிடக்கிற தண்ணிக்குப் பேரு ஸ்ட்ராங்ஃபோர்ட் லாக். 'லாக்'ங்கிறது ஐரிஷ் மொழியில இருந்து வந்த சொல். ஏரியையும் அப்படித்தான் சொல்வாங்க, நிலத்துக்குள்ள புகுந்த கடலையும் அப்படித்தான் சொல்வாங்க. இது ரெண்டாவது வகை. பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். ஆனா கடலோட இதைச் சேர்க்கிறது தெற்கு முனையில இருக்கிற ஒரு ஒடுக்கமான வாய்க்கால் மட்டும்தான். நீளம் சுமார் 8 கிலோமீட்டர், சில இடத்துல அகலம் அரை கிலோமீட்டர்தான்.

ஐரிஷ்ல இதுக்கு லாக் குவான்னு பேரு, துறைமுகங்கள் நிறைஞ்ச அமைதியான நீர்ப்பரப்புன்னு பொருள் சொல்றாங்க. கப்பல்ல வந்த வைக்கிங் ஆட்கள் வேற பேரு வெச்சாங்க. ஸ்ட்ராங்ஃபோர்ட்னா அவங்க பழைய நார்ஸ் மொழியில வேகமான நீரோட்டம் உள்ள கடற்கழி. உள்ளே இருந்தவங்க பார்த்தது அமைதி, வாய் வழியா உள்ளே வந்தவங்க பார்த்தது வேகம். ரெண்டு பேருமே சரிதான். ஏன்னு பின்னாடி பார்க்கலாம்.

காட்டுப் பாதை

நேரா உச்சிக்குப் போயிடாதீங்க. தெற்குப் பக்கம் கில்லிநெதர் காட்டு வழியா ஏறுங்க. இங்க நிறைய இருக்கிறது வயசான பீச் மரங்கள். யானைத்தோல் நிறத்துல வழவழன்னு இருக்கும். பீச் அயர்லாந்தோட சொந்த மரம் இல்ல, பண்ணை வீட்டுக்காரங்க அழகுக்காகக் கொண்டுவந்து நட்டது. சொந்த மரமான ஹேசலும் இங்கேயே இருக்கு.

பீச் மரம் இலை விட்டா கீழே வெயில் அவ்வளவா இறங்காது. அதனால தரையில இருக்கிற செடிகளுக்கு நேரம் குறைவு. ப்ளூபெல், காட்டுப்பூண்டு ரெண்டும் மேலே இலை மூடுறதுக்குள்ள அவசர அவசரமா பூத்து முடிச்சிடும். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்துல போனா தரை நீலமா இருக்கும், காத்துல பூண்டு வாசனை வரும். ஜூலையில போனா இருட்டும் இலையும்தான்.

குவாரியில் தெரியும் குறுக்குவெட்டு

காடு முடிஞ்சு மேலே ஏறினா பழைய கல் குவாரிகள் வரும். இங்க கொஞ்சம் நின்னு பாருங்க. கீழே செந்நிறமும் மஞ்சளும் கலந்த மணற்கல். சுமார் 24 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்த இடம் சூடான, வறண்ட நிலமா இருந்தப்போ படிஞ்ச மணல் அது. தண்ணி அலைஞ்ச வரிகள்கூட சில பாறையில அப்படியே பதிஞ்சிருக்கு. அதுக்கு மேலே கறுப்பா டாலரைட். சுமார் 6 கோடி வருஷத்துக்கு முன்னாடி எரிமலைக் குழம்பு மணற்கல் அடுக்குகளுக்கு நடுவுல புகுந்து உறைஞ்சது. படுக்கைவாட்டுல இப்படிப் புகுந்து உறைஞ்சதுக்கு 'சில்'னு பேரு. ஜெயன்ட்ஸ் காஸ்வேயை உண்டாக்கினதும் இதே எரிமலைக் காலம்தான்.

சரி, சுத்தி எல்லாம் தாழ்வா இருக்க இது மட்டும் ஏன் குன்றா நிக்குது? பனியுகத்துல பனிப்பாளம் இந்த நிலத்தையே இழைச்சுது. மெத்தையான மணற்கல் மட்டும் இருந்திருந்தா அதுவும் கரைஞ்சு போயிருக்கும். மேல இருந்த டாலரைட் மூடிதான் காப்பாத்திச்சு. ஹெல்மெட் போட்ட தலை தப்பிச்ச மாதிரி.

மணற்கல்லை வெட்டுறது சுலபம். அதனால பல நூற்றாண்டு இங்கிருந்து கல் போயிருக்கு. லாக்கோட கிழக்குக் கரையில இருக்கிற, 1193-ல் நிறுவப்பட்ட கிரே ஆபி மடத்துலயும் இந்தக் கல் இருக்கு. ஆனா வெட்டச் சுலபமான கல் நீடிச்சு நிக்கணும்னு கட்டாயம் இல்ல. இந்தக் கல்லுல களிமண் கலந்த அடுக்குகள் உண்டு. ஈரம் ஏறி இறங்க, முகம் உரிஞ்சு வரும். வெட்டும் செலவை மட்டும் பார்த்து மெட்டீரியல் தேர்ந்தெடுத்தா பராமரிப்புச் செலவு பின்னாடி வரும்னு இதைவிடத் தெளிவா காட்ட முடியாது. இப்போ குவாரியில கல் வெட்டுறவங்க இல்ல, பாறை முகத்துல பெரிகிரின் வல்லூறு கூடு கட்டுது.

உச்சியில் ஒரு கோபுரம்

உச்சியில நிக்கிற ஸ்கிராபோ கோபுரம் சுமார் 40 மீட்டர் உயரம், உள்ளே 122 படி. 1857-ல் அடிக்கல் போட்டாங்க. சுவருக்கு இந்தக் குன்றோட கறுப்பு டாலரைட், மூலைகளுக்கும் அலங்காரத்துக்கும் இதே குன்றோட மணற்கல். செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போயிடுச்சு, 1859-ல் உள்வேலை முழுசா முடியாமலேயே நிறுத்திட்டாங்க. நீர்க்கசிவு இந்தக் கட்டடத்தோட நாள்பட்ட வியாதி.

இது யாருக்காக? மூணாவது லண்டன்டெரி பிரபு, சார்லஸ் வேன். குடியானவர்களும் நண்பர்களும் அவர் நினைவா எழுப்பினதுன்னு கல்வெட்டு சொல்லுது. ஆனா 1840-களின் கடைசியில அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டினப்போ, பிரிட்டனோட பெரும் பணக்காரர்கள்ல ஒருத்தரான இவர் வாடகையைக் குறைக்க மறுத்ததா விமர்சனம் உண்டு. உள்ளூர் நிவாரணத்துக்கு அவரும் மனைவியும் கொடுத்தது 30 பவுண்டு. இதே லாக் கரையில இருக்கிற தங்களோட மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையைப் புதுப்பிக்கச் செலவழிச்சது 15,000 பவுண்டு. இவருக்கு இங்கிலாந்துல நிலக்கரிச் சுரங்கங்களும் இருந்துச்சு. பெண்களும் சின்னப் பசங்களும் சுரங்கத்துக்குள்ள வேலை செய்றதைத் தடுக்க 1842-ல் வந்த சட்டத்தை நாடாளுமன்றத்துல எதிர்த்தவரும் இவர்தான்.

நன்றி சொன்ன குடியானவர் யாருமே இல்லன்னு சொல்ல வரல. கோபுரம் ஒரு கணக்கைச் சொல்லுது, வரலாறு இன்னொரு கணக்கைச் சொல்லுது. ரெண்டையும் படிச்சிட்டுக் கீழே இறங்கணும்.

மேலே இருந்து பார்த்தா

தெளிவான நாள்ல தெற்கே மோர்ன் மலைகள், கிழக்கே கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்து, ஐல் ஆஃப் மேன் வரைக்கும் தெரியும். ஆனா முதல்ல லாக்கைப் பாருங்க. தண்ணியில கவுத்து வெச்ச கரண்டி மாதிரி சின்னச் சின்னத் தீவுகள். பனிப்பாளம் குவிச்ச களிமண் மேடுகளுக்கு 'ட்ரம்லின்'னு பேரு. பனி உருகிக் கடல் ஏறினப்போ கொஞ்சம் மேடு முழுகிடுச்சு, மிச்சம் தீவாச்சு.

வடக்கு முனையில, உங்க காலடிக்கு நேர் கீழே, தண்ணி வத்தினா சேற்று நிலம் தெரியும். அங்க ஈல்கிராஸ்னு ஒரு கடற்புல் வளருது. ஆர்க்டிக் கனடாவுல இருந்து ப்ரென்ட் வாத்துகள் ஒவ்வொரு இலையுதிர் காலமும் இதுக்காகவே ஆயிரக்கணக்குல வந்து இறங்கும். ஐரிஷ்காரங்க சொன்ன அமைதி இந்த முனையில இருக்கு.

வேகம் தெற்கு முனையில. ஒவ்வொரு ஓதத்துலயும் சுமார் 35 கோடி கன மீட்டர் தண்ணி அந்த ஒடுங்கின வாய் வழியாத்தான் போய் வரணும். கன்டின்யூட்டி ஈக்வேஷன் ஞாபகம் இருக்கா? பரப்பு குறைஞ்சா வேகம் கூடும். இங்க மணிக்கு 15 கிலோமீட்டர் அளவுக்குப் போகும். 2008-ல் அங்கதான் சீஜென்னு ஒரு ஓத மின்நிலையத்தை நட்டாங்க. 16 மீட்டர் விட்டத்துல ரெண்டு சுழலி, 1.2 மெகாவாட்.

ஆனா லாக் பாதுகாக்கப்பட்ட பகுதி, சீல்கள் வாழ்ற இடம். அதனால சீல் பக்கத்துல வந்தா சுழலியை நிறுத்தணும்னு நிபந்தனை. முதல்ல ஆள் நின்னு கண்காணிச்சாங்க, பிறகு சோனார் வெச்சாங்க. வருஷக்கணக்கா நடந்த கண்காணிப்புல பெரிய பாதிப்பு எதுவும் தெரியல. 2019-ல் மொத்தத்தையும் கழட்டி எடுத்துட்டாங்க. கோபுரம் கட்டினப்போ யாரும் கேட்காத கேள்வியை இங்க டிசைன் ஸ்டேஜ்லயே கேட்டிருக்காங்க: இதனால யாருக்கு என்ன ஆகும்?

போறவங்களுக்கு

குடை வேண்டாம், காத்து பிடுங்கிடும். காத்துத் தடுக்கிற ஜாக்கெட், பிடிமானம் உள்ள ஷூ போதும். குவாரி விளிம்புல செல்ஃபி வேண்டவே வேண்டாம், கல் உதிரும். டிசம்பர்ல சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிடும், ஜூன்ல ராத்திரி 10 வரைக்கும் வெளிச்சம் இருக்கும். கோபுரம் எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துட்டுப் போங்க. ஏதாவது ஆனா 999 அல்லது 112.

நேரம் இருந்தா இன்னொரு நாள் போர்ட்டஃபெரி போய் எதிர்க்கரையில இருக்கிற ஸ்ட்ராங்ஃபோர்ட் ஊருக்கு ஃபெர்ரி பிடிங்க. கடக்க சில நிமிஷம்தான், ரோட்ல சுத்திப் போனா சுமார் 75 கிலோமீட்டர். ஓதம் வேகமா ஓடுற நேரம் பார்த்து ஏறுங்க. நேராப் போக வேண்டிய படகு எவ்வளவு சாய்வா மூக்கைத் திருப்பி வெச்சுப் போகுதுன்னு கவனிங்க. ஃபர்ஸ்ட் இயர்ல போட்ட ரிலேட்டிவ் வெலாசிட்டி கணக்கு அங்க உங்க கண் முன்னாடியே நடக்கும்.