விலை உயர்ந்த ஹெட்போனுக்கு ‘ஆம்ப்’ கட்டாயமா? - வாங்கும் முன் பார்க்க வேண்டிய 2 எண்கள்

காலையில் தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் ஏறினால், காதில் எதையும் மாட்டாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சம்பளம் கொஞ்சம் உயர்ந்ததும், “இந்த தடவை நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்” என்று பலருக்கும் தோன்றும். விசாரிக்கப் போனால், “இதுக்குத் தனியா ஆம்ப் வேணுமே” என்பார்கள். பட்ஜெட் அங்கேயே எகிறிவிடும். ஆம்ப்ளிஃபயர் உண்மையிலேயே தேவையா? சில ஹெட்போன்களுக்குத் தேவை; பலவற்றுக்குத் தேவையில்லை.

எங்கே கேட்கப் போகிறீர்கள்?

ஆடியோ பிரியர்கள் கொண்டாடும் ஹெட்போன்களில் பல ‘ஓப்பன் பேக்’ வகை. பின்பக்கம் சல்லடை போலத் திறந்திருப்பதால் இசை விசாலமாகக் கேட்கும். ஆனால், வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். ரயிலுக்கும், ஜி.எஸ்.டி. சாலைப் பேருந்துக்கும், விமானச் சத்தம் கேட்கும் பல்லாவரம் பக்கத்து வீடுகளுக்கும் இது சரிவராது. அங்கெல்லாம் ‘குளோஸ்டு பேக்’ அல்லது நாய்ஸ் கேன்சலிங் வகையே பொருத்தம். புளூடூத் ஹெட்போனுக்குள் ஏற்கெனவே குட்டி ஆம்ப் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒன்று வாங்குவது வீண் செலவு.

அந்த 2 எண்கள்

வயர் ஹெட்போன் என்றால் பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, இம்பீடன்ஸ். மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு. ஓம் கணக்கில் இருக்கும். இன்னொன்று, சென்சிடிவிட்டி. குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. இதை சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கும், சில ஒரு வோல்ட்டுக்கும் சொல்கின்றன. இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது.

1997-ல் வந்து இன்றும் பேசப்படும் சென்ஹைசர் எச்.டி. 600-ஐப் பார்ப்போம். இம்பீடன்ஸ் 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல். போனில் செருகும் சாதாரண டைப்-சி டாங்கிள் பெரும்பாலும் ஒரு வோல்ட் அளவுக்குத்தான் தரும். மெல்லிய பாட்டுக்கு அது போதும். ஆனால் மேளமும் ஆர்கெஸ்ட்ராவும் திடீரென எழும் கணங்களில் 110 டெசிபல் வரை தொட வேண்டுமானால் சுமார் 4.5 வோல்ட், அதாவது 67 மில்லிவாட் வேண்டும். இங்கேதான் ஆம்ப் தேவைப்படுகிறது.

“ஓம் கம்மின்னா ஈஸிதானே?”

எப்போதும் இல்லை. ஹைஃபைமேன் சுந்தரா போன்ற பிளானர் வகைக்கு இம்பீடன்ஸ் 37 ஓம்தான். ஆனால் சென்சிடிவிட்டி ஒரு மில்லிவாட்டுக்கு 94 டெசிபல். அதே 110 டெசிபலுக்கு 40 மில்லிவாட் வேண்டும். எச்.டி. 600 வோல்டேஜ் கேட்கிறது. இது கரன்ட் கேட்கிறது. இதற்கு நேர்மாறாக, காதுக்குள் செருகும் இயர்போன்கள் பலவும் சென்சிடிவிட்டி அதிகம் உள்ளவை. பவர்ஃபுல் ஆம்பில் மாட்டினால் பின்னணியில் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆம்ப் வாங்கும்போது...

* ‘1,000 மில்லிவாட்’ என்ற விளம்பரம் பெரும்பாலும் 32 ஓமுக்கானது. அதே வோல்டேஜில் 300 ஓமுக்கு சுமார் 107 மில்லிவாட்தான் வரும். உங்கள் ஹெட்போனின் ஓமுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

* பவர் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். இரு மடங்கு சத்தமாகக் கேட்காது.

* ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 32 ஓம் என்றால் 4 ஓமுக்குள். மீறினால் சில ஹெட்போன்களில் பேஸ் கொழகொழவென்று மாறக்கூடும்.

* வீட்டில் மாட்டியதும் ‘கிர்ர்’ என்று இரைச்சல் வருகிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பிரச்சினை எர்த்திங்கிலோ சார்ஜரிலோ இருக்கலாம். ஆம்பை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

சத்தத்தை சத்தத்தால் ஜெயிக்க முடியாது

ரயில் இரைச்சலை அமுக்க வால்யூமை ஏற்றுவதுதான் பெரிய ஆபத்து. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். போக, வர இரண்டு நாள் அந்த சத்தத்தில் கேட்டாலே வாரத்தின் கோட்டா முடிந்துவிடும். ஆம்ப் சத்தத்தைக் கூட்டும்; வெளி இரைச்சலைக் குறைக்காது.

எனவே ரிச்சி தெருவுக்கோ ஆன்லைனுக்கோ போகும் முன் ஒரு சின்ன டெஸ்ட். அமைதியான அறையில், இப்போதுள்ள போனிலோ டாங்கிளிலோ அந்த ஹெட்போனை மாட்டி, சத்தம் குறைவாகப் பதிவான ஒரு பாட்டைப் போடுங்கள். வால்யூம் 70 சதவீதத்துக்குள் திருப்தியாக இருந்தால் ஆம்ப் வேண்டாம். அந்தப் பணத்தை ஹெட்போனிலேயே போடலாம். முழுசாக ஏற்றியும் போதவில்லை என்றால் மட்டும் ஆம்ப் பற்றி யோசியுங்கள்.