காலில் சக்கரம் கட்டிய சனிக்கிழமைகள்

போன வருஷம் என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அம்மாதான் போக வேண்டியது. முழங்கால் வலியோடு அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்பதால், "நீ போயிட்டு வாடி" என்று என்னை அனுப்பி விட்டார்கள். அருப்புக்கோட்டையை விட்டால் மதுரை, சென்னை மட்டுமே தெரிந்த நான், பிரசவ லேகியமும் பருப்புப் பொடியுமாக ஏப்ரல் மாதம் கிளம்பினேன்.

கிளம்புகிற சமயத்தில் வீட்டில் ஒரு மனஸ்தாபம். எட்டாம் வகுப்புப் பரீட்சை முடித்திருந்த என் பெண், ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்து கோகோ டீமில் சேர வேண்டும், கையெழுத்துப் போடு என்று பாரத்தை நீட்டினாள். "பெரிய மனுஷி ஆயாச்சு. இனிமே என்ன ஓட்டமும் குதிப்பும்?" என்று மறுத்துவிட்டேன். இது என் அம்மா எனக்குச் சொன்ன அதே வார்த்தை. பன்னிரண்டு வயது வரை தெருவில் பாண்டியும் ஸ்கிப்பிங்கும் ஆடியவள் நான். பெரியவளான அன்றைக்கு ஸ்கிப்பிங் கயிறு பரணுக்குப் போனது. அப்புறம் இறங்கவே இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

தங்கையின் மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை ஆனால் அவளை ஸ்கேட்டிங் ரிங்க்குக்குக் கூட்டிப் போக வேண்டும். தங்கை பச்சை உடம்புக்காரி. அவள் கணவர் எங்களைக் காரில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். துணைக்கு நான்.

தறி ஓசை

வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர் நெல் குடோன் மாதிரி ஜன்னலே இல்லாத ஒரு கட்டிடம். உள்ளே நுழைந்தால் கல்யாண மண்டபம் அளவுக்கு மரத்தளம். அதைச் சுற்றி இடுப்பளவுச் சுவர். மேலே கண்ணாடிச் சில்லுகள் பதித்த உருண்டை சுற்றிக்கொண்டே பொட்டுப் பொட்டாக வெளிச்சத்தைத் தெளிக்கிறது. பாட்டுச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். நூற்றுக்கணக்கான சக்கரங்கள் மரத்தின் மேல் உருளுகிற சத்தம். கண்ணை மூடினால் எங்கள் தெருவில் தறி ஓடுவது போலவே இருந்தது.

வாசலில் காசு கொடுத்தால் வாடகைக்குச் சக்கர ஷூ தருகிறார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு சக்கரம். கால் விரலுக்கு நேரே பிரேக் போல ஒரு ரப்பர்க் கட்டை. எல்லாரும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். கோயில் பிரகாரத்தில் நாம் சுற்றுவதற்கு நேர் எதிர்த் திசை! விசில் வைத்துக்கொண்டு சில பையன்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள். யாராவது விழுந்தால் ஓடி வந்து, மற்றவர்கள் மோதாமல் மறித்து நிற்கிறார்கள்.

நடுநடுவே விளையாட்டுகளும் உண்டு. பச்சை என்றால் ஓடணும், சிவப்பு என்றால் நிற்கணும் என்று ஒன்று. இரண்டு பேர் பிடித்த கம்புக்கு அடியில் உடம்பை வளைத்து உருண்டு போவது இன்னொன்று. பிறகு விளக்கை மங்கலாக்கி, ஜோடி ஜோடியாகக் கைகோத்துச் சுற்றுகிற நேரம். பிறந்த நாள் விழாவைக்கூட இங்கேதான் வைக்கிறார்கள். கேக், பீட்சா, ஐஸ் போட்ட சர்பத், வீடு அழுக்காகாது! தாய்மார்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கண்ணாடியில் மோதியவர்

இந்தச் சக்கர ஷூவுக்குப் பெரிய கதை இருக்கிறது. 1760-களில் லண்டனில் இருந்த ஜான் ஜோசப் மெர்லின் என்ற கருவிகள் செய்கிறவர், சக்கரம் வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு, வயலின் வாசித்தபடியே ஒரு விருந்துக்குள் நுழைந்தாராம். திரும்பவும் தெரியாது, நிறுத்தவும் முடியாது. விலை உயர்ந்த பெரிய நிலைக்கண்ணாடியில் போய் மோதி, கண்ணாடியும் போச்சு, வயலினும் போச்சு, அவருக்கும் பலத்த அடி என்று சொல்கிறார்கள்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன். 1863-ஆம் வருஷம் அவர் காப்புரிமை வாங்கிய ஷூவில், பாதத்துக்கும் சக்கர அச்சுக்கும் நடுவில் ரப்பர் வைத்திருந்தார். உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் சக்கரம் தானாகத் திரும்பும். மூன்று வருஷம் கழித்து, 1866-இல், நியூபோர்ட் என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டலின் கூடத்தையே ரிங்க்காக மாற்றினார். கௌரவமான குடும்பத்து ஆண்களும் பெண்களும் ஒன்றாக விளையாடலாம் என்பதுதான் அவருடைய விளம்பரம். அந்தக் காலத்துப் பெண்கள் கணுக்கால் மறைகிற பாவாடையோடு ஸ்கேட் செய்திருக்கிறார்கள். சுடிதார் போட்ட எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

அப்புறம் ரிங்க்குகளில் ஆர்கன் வாசிக்க ஆள் போட்டு, அந்தத் தாளத்துக்கு வால்ட்ஸ் முதலான நடனங்களைச் சக்கரத்திலேயே ஆடினார்கள். ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டில், 1905-இல் தொடங்கிய ஓக்ஸ் பார்க் ரிங்க்கில் ஒரு விசேஷம். 1948 வெள்ளத்தில் தளம் கெட்டுப்போனதால், காற்றுப் புகாத இரும்புப் பீப்பாய்களின் மேல் புதுத் தளம் போட்டார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் தளத்தை அறுத்து விட்டு, தெப்பம் போல மிதக்க வைத்துவிடலாம்!

1970-களில் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் சக்கரம் வந்தது. வழுக்காமல், மெத்தென்று ஓடும். டிஸ்கோ பாட்டும் அதே சமயத்தில் வந்து சேர, ஊரெல்லாம் ரோலர் டிஸ்கோ பைத்தியம். 1979-இல் "ரோலர் பூகி", 1980-இல் "ஸனாடு" என்று சினிமாக்கூட எடுத்தார்கள். பிறகு மோகம் குறைந்து பல ரிங்க்குகள் மூடின. 2020-இல் கொரோனாவுக்கு வீட்டில் அடைந்து கிடந்த ஜனங்கள் திரும்ப ஸ்கேட் வாங்க ஓடியதில், கடைகளில் ஷூவே கிடைக்காமல் போயிற்று.

விழுவதற்கு ஒரு பாடம்

இரண்டு வாரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது வாரம், "பெரியம்மா, நீங்களும் வாங்க. ஒரே ஒரு ரவுண்டு" என்று குழந்தை கையைப் பிடித்து இழுத்தாள்.

பயம் என்றால் சாதாரணப் பயமில்லை. அந்த ஊரில் கை உடைந்தால் ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகும் என்று தங்கை முன்னமேயே சொல்லியிருந்தாள். நான் வந்ததே பிள்ளைத்தாய்ச்சிக்கு உதவ. நான் மாவுக்கட்டோடு படுத்தால் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது யார்? இருந்தாலும் ஷூவைப் போட்டேன். எழுந்து நின்றேன். பூமி காலுக்கடியிலிருந்து தனியாகக் கிளம்பிப் போயிற்று. சுவரைக் கட்டிப் பிடித்தபடி பத்தடி நகர்வதற்குள் வியர்த்துக் கொட்டியது.

அப்போது ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். கறுப்பினத்தவர், எழுபதைத் தாண்டியவர், வெள்ளிக் கம்பியாகத் தலைமுடி. காலில் சொந்த ஸ்கேட். வெள்ளைத் தோல் பழுப்பாகிப் போயிருந்தது. அவர் சொன்னதைக் குழந்தை எனக்குத் தமிழில் சொன்னாள்.

"பெரியம்மா, முதல்ல விழக் கத்துக்கணுமாம்."

முழங்காலை மடக்கு. விழப்போகிறோம் என்று தெரிந்தால் எதிர்த்துப் போராடாதே. இன்னும் தாழ்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடு. கையை ஊன்றாதே; ஊன்றினால் மணிக்கட்டுப் போய்விடும். கீழே விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள், அடுத்தவர் சக்கரம் ஏறாமல் இருக்க. இதை ஓரத்தில் நிறுத்தி ஐந்து தடவை செய்ய வைத்தார். நாற்பத்தைந்து வயசில், பொது இடத்தில், வேண்டுமென்றே கீழே விழுந்தேன். ஐந்தாவது தடவை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் தங்கை சத்தம் போட்டாள். "உனக்கென்ன பைத்தியமா அக்கா? ஏதாவது ஆயிருந்தா?" "ஆகல இல்ல?" என்றேன். அடுத்த சனிக்கிழமை அவளே முழங்காலுக்கும் மணிக்கட்டுக்கும் கவசம் வாங்கி வைத்திருந்தாள்.

கதவு திறந்த கதை

அந்த அம்மாதான் இன்னொரு விஷயமும் சொன்னார். அவருடைய தாயார் சின்னப் பெண்ணாக இருந்தபோது, சிகாகோவின் தெற்குப் பகுதியில் "ஒயிட் சிட்டி" என்ற ரிங்க் இருந்தது. சுற்றிலும் கறுப்பின மக்கள் குடியிருந்தும், உள்ளே வெள்ளையருக்கு மட்டும்தான் அனுமதி. 1946-இல் கறுப்பர்களும் வெள்ளையர்களுமாகச் சேர்ந்து வாசலில் மறியல் செய்த பிறகுதான் கதவு திறந்தது. வேறு பல ஊர்களில் அதற்குப் பிறகும் வாரத்தில் ஒரு ராத்திரியை மட்டும் "சோல் நைட்" என்று பேர் வைத்துக் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கினார்களாம்.

1963-இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணிக்கு, லெட்ஜர் ஸ்மித் என்ற ஸ்கேட்டிங் வீரர் சிகாகோவிலிருந்து சக்கர ஷூவிலேயே போனார். சுமார் 1,100 கிலோமீட்டர், பத்து நாள். ரோட்டில்!

ஒதுக்கிய அந்த ஒரு ராத்திரியில் அவர்கள் சும்மா சுற்றவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நடன பாணி பிறந்தது. சிகாகோவில் ஜேம்ஸ் பிரவுன் பாட்டுக்கு ஆடுவதால் அவர் பேரின் முதல் எழுத்துகளை வைத்து "ஜேபி" பாணி. கால் அடவுகள் அத்தனை நுணுக்கம். நம் நட்டுவாங்கத்துக்கு ஈடு கொடுக்கும். நியூயார்க்கில் மூன்று பேர் கைகோத்து ஒரே உடம்பாகச் சுழல்கிறார்கள். ரிங்க்குகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதையும் இவர்கள் போராடுவதையும் "யுனைடெட் ஸ்கேட்ஸ்" என்று 2018-இல் படமாகவே எடுத்திருக்கிறார்கள். 2024-இல் பெரிய கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் பாடகர் அஷர் சக்கர ஷூவோடு ஆடியதும் இந்த வழியில் வந்த ஆட்டம்தான்.

பெரியவர்களுக்கான ராத்திரி ஒன்றுக்கு அந்த அம்மா எங்களை அழைத்தார். நானும் தங்கையின் கணவரும் போய் ஓரமாக நின்று பார்த்தோம். பேரன் பேத்தி எடுத்தவர்கள், நர்ஸ் வேலை முடித்து வந்தவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள். நம்ம அம்மா இடுப்பில் கை வைத்துப் பின்பக்கமாகவே வழுக்கிப் போனார். "முழங்கால் வலிக்காதா?" என்று கேட்கச் சொன்னேன். "உட்கார்ந்தால்தான் வலிக்கிறது" என்றார்.

போகிற சகோதரிகளுக்கு

மகள், மருமகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறவர்கள் எத்தனையோ பேர். பேரப் பிள்ளைகளோடு ரிங்க்குக்குப் போக நேர்ந்தால் சில குறிப்புகள்:

* புடவை வேண்டாம். சுடிதாரானால் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள், சக்கரத்தில் மாட்டும்.
* கணுக்காலை மூடுகிற சாக்ஸ் போடுங்கள். இல்லாவிட்டால் ஷூ கடிக்கும்.
* மணிக்கட்டு, முழங்கால் கவசமும் ஹெல்மெட்டும் அவசியம். சின்னக் குழந்தைகளுக்குப் பிடித்துக்கொண்டு நகர உருளைச் சட்டம் தருவார்கள்; கேட்டு வாங்குங்கள்.
* எலும்புத் தேய்மானம், தலைசுற்றல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புதிதாகப் பிரசவித்தவர்கள் வேடிக்கை மட்டும் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.
* மெதுவாகப் போகிறவர்கள் சுவர் ஓரமாகவே போகவும். நடுவில் நிற்கக் கூடாது.
* பயணக் காப்பீட்டில் இப்படிப்பட்ட விளையாட்டுக் காயத்துக்குப் பணம் கிடைக்குமா என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சனிக்கிழமை

ஜூலையில் ஊர் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை, சுவரை விட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். எனக்கு முன்னால் அந்த அம்மா. பின்னால் குழந்தை, "முட்டிய மடக்குங்க பெரியம்மா" என்று சொல்லிக்கொண்டே. முகத்தில் காற்று அடித்தது. ஸ்கிப்பிங் கயிறு காதோரம் விர்ரென்று போகும் காற்று அது. முப்பத்துமூன்று வருஷத்துக்குப் பிறகும் ஞாபகம் இருந்தது. சுற்று முடிந்து நிற்கத் தெரியாமல் தடுமாறி விழுந்தேன், சொல்லிக் கொடுத்த மாதிரியே!

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் காலத்துல தெருவுல நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு எனக்குப் பயம்டி" என்றார். எனக்கு அம்மா மேல் கோபம் வரவில்லை. போன ஏப்ரலில் எனக்கு இருந்ததும் அதே பயம்தானே?

என் பெண் அந்தப் பாரத்தை அலமாரியில் துணிக்கடியில் வைத்திருந்தாள். டீமில் ஆள் எடுத்தாயிற்றோ என்னவோ, அவளுக்கே நம்பிக்கையில்லை. கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல், மறுநாள் நானே பள்ளிக்கூடத்துக்குப் போய் விளையாட்டு டீச்சரைப் பார்த்தேன். "லேட்டா வந்தீங்க. பயிற்சிக்கு வரட்டும், பார்க்கலாம்" என்றார்கள்.

இப்போது தினமும் சாயங்காலம் முழங்காலில் செம்மண்ணோடு வருகிறாள். முதல் நாளே அவளை முற்றத்தில் நிறுத்தி, எப்படி விழ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.