'குளோஸ்' என்ற ஒரு சொல்

'குளோஸ்' என்பது ஆங்கிலத்தில் சிறு பிள்ளையும் அறிந்த சொல். ஆயினும் எம்மவரை இடர்ப்படுத்தும் சொற்களுள் அதுவும் ஒன்று.

எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் இச்சொல், ஒலியில் இரண்டாகப் பிரிகிறது. ஈற்றில் நிற்கும் 'ஸ்' அதிர்ந்து ஒலித்தால் 'மூடு' என்னும் வினை. அதிராது ஒலித்தால் 'அருகில்' என்னும் பொருள். இரண்டிற்கும் மூலம், மூடுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே. இடைவெளியை மூடிவிட்டால் எஞ்சுவது அண்மைதானே!

பிரித்தானியாவில் ஒரு தெருப்பெயர் 'குளோஸ்' என முடிந்தால், அது பெரும்பாலும் மறுமுனை அடைபட்ட சிறுதெரு. சோல்ஸ்பரியில் பேராலயத்தைச் சூழ்ந்த வளவுக்கும் இதே பெயர். எடின்பரோவில் அது ஒடுங்கிய ஒழுங்கை. கிளாஸ்கோவில் மாடிக் குடியிருப்பின் பொதுவாயில். காற்றின்றிப் புழுங்கும் நாளையும் ஆங்கிலேயர் 'குளோஸ்' என்பர்.

இவ்விந்தை ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. 'நெருக்கம்', 'நெருக்கடி' இரண்டும் தமிழில் ஒரே வேரில் கிளைத்தவை. 'அயலவர்' என்றால் அடுத்த வீட்டார். 'அயல்நாட்டவர்' என்றாலோ அந்நியர்.

அகதி விண்ணப்ப விசாரணையில் இது வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. "நெருங்கிய உறவினர் எவரேனும் இங்கு உள்ளனரா?" என்று அதிகாரி வினவும்போது, எம்மவர் மனத்தில் எழுபவர் பெரியப்பாவின் மகன். ஒரே முற்றத்தில் வளர்ந்தவர். 'அண்ணை' என்றே அழைக்கப்படுபவர். ஆகவே 'சகோதரர்' என்று விடை பதிவாகிறது. பின்னர் பிறப்புச் சான்றிதழ்களில் தந்தையர் பெயர் வேறுபடும்போது, உண்மை உரைத்தவர்மீதே பொய்யர் என்ற ஐயம் விழுகிறது.

சட்டம் அன்பை அளப்பதில்லை. 2013ஆம் ஆண்டின் ஐரோப்பிய டப்ளின் ஒழுங்குவிதி, 'குடும்ப உறுப்பினர்' என்ற சொல்லால் முதன்மையாக வாழ்க்கைத் துணையையும், 18 வயது நிரம்பாத மணமாகாப் பிள்ளைகளையும், விண்ணப்பதாரர் சிறுவராயின் அவருடைய பெற்றோரையும் குறித்தது. 'உறவினர்' என்ற தனி வகையில் பெற்றோரின் உடன்பிறந்தாரும் பாட்டன் பாட்டியும் அடங்கினர். ஒன்றுவிட்ட அண்ணனுக்கு அவ்விரு வகையிலும் இடமிருக்கவில்லை.

எனவே விசாரணைக்குச் செல்வோர், 'நெருங்கியவர்' என்ற சொல்லோடு நிறுத்திவிடாது, உறவுமுறையைப் படிப்படியாகச் சொல்லுதல் வேண்டும்: தந்தையின் தமையனுடைய மகன், தாயின் தங்கையுடைய மகள். 'மச்சான்' என்றால் மனைவியின் சகோதரரா, மாமன் மகனா என்பதையும் விளக்குதல் நன்று. அவ்வாறே, ஷெல் 'கிட்ட' விழுந்தது என்பதினும், கிணற்றடியில் விழுந்தது, வீட்டிலிருந்து ஏறத்தாழ இத்தனை அடி என்பதே தெளிவு. மொழிபெயர்ப்பாளர் கூறியது விளங்காவிடின் திரும்பக் கேட்கத் தயங்கலாகாது. பதிவானதை வாசித்துக் காட்டுமாறு கேட்பதிலும் தவறில்லை.

வீட்டில் அவர் என்றும் அண்ணனாகவே இருக்கட்டும். படிவத்தில் மட்டும் பெரியப்பாவின் மகனாக நிற்கட்டும்.