மீண்டும் கடலுக்குள் இறங்குமுன்...

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில், சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரராக அமைந்த நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், நீங்க அந்தக் காலத்துல கடலுக்கடியில எல்லாம் போனவராமே? நானும் மஸ்கட்டுல இருந்தப்போ கத்துக்கிட்டேன். பதினஞ்சு வருஷம் ஆச்சு. அடுத்த மாசம் குடும்பத்தோட பாண்டிச்சேரி போறோம். அட்டை இருக்கு. அப்படியே இறங்கிடலாம் இல்லையா?"

"இறங்கலாம், ஆனால்..." என்று தொடங்கினேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அந்த 'ஆனால்' பந்தியில் சொல்லி முடிக்கக்கூடியதாக இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

நம் வைட்ஃபீல்ட் பகுதியில் இந்த நண்பரைப் போன்றவர்கள் ஒருவர் இருவர் அல்ல. சிங்கப்பூர், வளைகுடா, ஆஸ்திரேலியா என்று வேலை பார்த்த நாட்களில் ஆசைக்கு ஸ்கூபா கற்றுக்கொண்டு, பிறகு கல்யாணம், குழந்தைகள், வீட்டுக்கடன், அலுவலகம் என்று கடலையே மறந்துபோனவர்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். 1999-ல் மலேசியாவின் தியோமான் தீவில் கற்றேன். 2001-க்குப் பிறகு ஒரு முறைகூட இறங்கவில்லை. மறுபடி இறங்கியது 2023-ல்.

முதலில் அட்டையைப் பற்றி. ஆரம்பநிலைப் பயிற்சிக்கான சான்றிதழுக்குப் பொதுவாகக் காலாவதி கிடையாது. ஓட்டுநர் உரிமம் போலப் புதுப்பிக்க வேண்டியதில்லை. அட்டை அப்படியேதான் இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் படத்தில் இருப்பவர்தான் மாறியிருப்பார். என் அட்டையைக் காட்டியபோது என் மகள், "இது யாருப்பா?" என்றாள்.

ஸ்கூபா தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. பிரான்ஸ் நாட்டின் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943-ல் உருவாக்கிய கருவியின் வழி வந்தது இது. முதுகில் அழுத்தப்பட்ட காற்று அடைத்த சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர். நாம் இருக்கும் ஆழத்தில் நீரின் அழுத்தம் எவ்வளவோ, அதே அழுத்தத்தில் காற்றைக் கொடுப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் இழுக்கும் ஒரு மூச்சில், மேற்பரப்பில் இழுப்பதைப்போல இரு மடங்கு காற்று இருக்கும்.

தூத்துக்குடியில் முத்துக் குளித்த நம்மவர்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். (அங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.) அவர்கள் மேலே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு கல்லைப் பிடித்து இறங்கினார்கள். இறங்கும்போது அந்தக் காற்று சுருங்கும், ஏறும்போது பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். அவர்களுக்கு 'மூச்சை அடக்கு' என்பது விதி. ஸ்கூபாவுக்கு விதி நேர் எதிரானது: மூச்சை ஒருபோதும் அடக்காதே. 10 மீட்டரில் நிறைய மூச்சு இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று நுரையீரலுக்குள்ளேயே இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியலாம், காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். மூன்று, நான்கு மீட்டர் ஆழமுள்ள நீச்சல் குளத்தில்கூட இது நேரக்கூடும்.

இது எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் 2023-ல் பெங்களூரில் ஒரு குளத்தில் மறுபயிற்சிக்கு இறங்கிய முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்தேன் தெரியுமா? முகக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார்கள். மூக்கில் தண்ணீர் ஏறியது. உடனே மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே பாயத் தொடங்கிவிட்டேன்! பயிற்சியாளர் தோள்பட்டியைப் பிடித்து நிறுத்தி, கண்ணுக்கு நேரே விரலை ஆட்டி, மூச்சை விடச் சொன்னார். அறிவு மறக்கவில்லை, பழக்கம்தான் போய்விட்டது. மிரண்ட நேரத்தில் கைகொடுப்பது பழக்கம் மட்டுமே. கடலில் 15 மீட்டர் ஆழத்தில் அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்.

ஆகவே நண்பருக்கு என் முதல் பதில்: நேரே கடலில் வேண்டாம், குளத்தில் மறுபயிற்சி எடுங்கள். அரைநாள் வேலைதான். முகக்கண்ணாடியில் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைத் தேடிப் பிடிப்பது, காற்று தீர்ந்தால் கூட வருபவரின் உபரி ரெகுலேட்டரில் மூச்சு வாங்குவது, அசையாமல் மிதந்து நிற்பது ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். பதினைந்து வருட இடைவெளிக்கு அரைநாள் போதவில்லை என்று தோன்றினால், கூச்சப்படாமல் ஆரம்பநிலைப் பயிற்சியையே மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிப் பிள்ளைகளோடு முட்டிபோட்டு உட்கார வேண்டியிருக்கும். அதனால் என்ன?

பழைய குறிப்பேட்டை நம்பி ஈயக்கட்டி கட்டுவதும் தவறு. 1999-ல் நான் 8 கிலோ கட்டியதாக எழுதி வைத்திருந்தேன். இப்போது உடம்பும் வேறு, நீருடையும் வேறு. கொழுப்பு மிதக்கும், தசை அமிழும் என்பதால் எடை கூடியவருக்கு ஈயம் கூடத் தேவைப்படலாம். ஆனால் கற்றுக்கொள்ளும்போது பலருக்கும் தேவைக்கு மேலேயே கட்டியிருப்பார்கள். எனவே தண்ணீரில் மிதந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு 6 கிலோ போதுமானதாக இருந்தது.

அடுத்தது மருத்துவர். இறங்குமுன் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். அதில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கென்று தனிக் கேள்விகள் உண்டு: புகைப்பழக்கம், கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம், குடும்பத்தில் இதயநோய். சர்க்கரை, ஆஸ்துமா பற்றியும் கேட்பார்கள். சில கேள்விகளுக்கு 'ஆம்' என்று எழுதினால் மருத்துவரின் கையெழுத்து கேட்பார்கள். இதனால் பலர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். வயதானவர்கள் நீருக்கடியில் இறந்த சம்பவங்களில் இதயக் கோளாறுக்குக் கணிசமான பங்கு உண்டு. சர்க்கரை மாத்திரை சாப்பிடாத வீடு நம்மில் எத்தனை? மறைக்காமல் எழுதுங்கள். சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாமல் செவிப்பறை கிழியலாம்.

நாம் விலகி இருந்த காலத்தில் சில வழக்கங்களும் மாறியிருக்கின்றன. நான் கற்றபோது நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகம் வரை மேலே வரலாம் என்றார்கள். இன்று கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் போனாலே எச்சரிக்கும். மேலே வருமுன் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பதும் இப்போது எல்லோரும் செய்யும் வழக்கம்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். சென்னைக்காரருக்கோ தூத்துக்குடிக்காரருக்கோ இது தேவையில்லை. பெங்களூரில் குடியிருக்கும் நமக்குத் தேவை.

என் மறுபயிற்சிக்குப் பின் முருடேஸ்வர் போய், கடலில் சுமார் 19 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நேத்ராணித் தீவருகே இரண்டு முறை இறங்கினேன். (மழைக்காலத்தில் அங்கே படகு போகாது.) பவளப்பாறை, மீன்கூட்டம் பற்றியெல்லாம் இன்னொரு முறை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கரை ஏறியதும் உடைகளை அவசரமாகச் சுருட்டிக்கொண்டிருந்தேன். படகில் இருந்த பயிற்சியாளர் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன். "எங்க அண்ணாச்சி அவசரம்?" என்றார். மூன்று மணிக்குக் காரில் கிளம்பினால் நள்ளிரவு தாண்டி வைட்ஃபீல்ட், திங்கள் காலை அலுவலகம் என்றேன். "பெங்களூரு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு தெரியுமா அண்ணாச்சி?" என்றார் அவர்.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல்! தினமும் வாழும் ஊர் என்பதால் நாம் அதை மலை என்று நினைப்பதே இல்லை.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும் வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். கோலியை உள்ளே அமுக்கியதும் பொங்கும். வாயு உள்ளே முன்பும் இருந்தது; அழுத்தம் குறைந்ததும் குமிழியாகிவிட்டது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அது வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு மெல்ல மெல்ல மூச்சின் வழியே வெளியேற வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் சுற்றிலும் அழுத்தம் இன்னும் குறைந்தால் உடலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகலாம். மூட்டு வலி, தோலில் தடிப்பு, கைகால் மரத்துப்போதல், தலைசுற்றல், சில சமயம் பக்கவாதம். இதனால்தான் இறங்கிய அன்றே விமானத்தில் ஏறாதீர்கள் என்கிறார்கள்.

'நான் விமானத்தில் போகவில்லையே, காரில்தானே போகிறேன்?' என்று நானும் நினைத்தேன். உடம்புக்கு விமானமும் காரும் ஒன்றுதான், உயரம் மட்டுமே கணக்கு. 'டான்' என்று அழைக்கப்படும் நீர்மூழ்குவோர் பாதுகாப்பு அமைப்பு 2002-ல் நிபுணர்களைக் கூட்டி வகுத்த நெறி சுமார் 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குரிய அழுத்தத்துக்குப் பொருந்தும். ஒரே ஒரு முறை, படிநிறுத்தம் தேவைப்படாத அளவில் இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல முறையோ, தொடர்ந்து பல நாட்களோ இறங்கியிருந்தால் 18 மணி நேரம். பெங்களூர் அந்த வரம்புக்குள் வருகிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு.

நேத்ராணியிலிருந்து திரும்பும்போது மலைத்தொடர் கண்ணுக்குத் தெரிகிறது, காது அடைக்கிறது. சகலேஷ்பூர் வழியாக வந்தால் மலையேறியதுமே ஏறக்குறைய பெங்களூர் உயரத்துக்கு வந்துவிடுவோம். பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும்போதோ ஏறுகிறோம் என்பதே தெரியாது. ஞாயிறு காலை 11 மணிக்குக் கரை ஏறி, மீன் குழம்புச் சாப்பாடு முடித்து 2 மணிக்குப் புறப்பட்டால், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி தாண்டி ஏழரை மணி வாக்கில் ஓசூர். அகலமான நெடுஞ்சாலையில் அரட்டை அடித்தபடியே கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில் ஏறக்குறைய 400 மீட்டர் ஏறியிருப்போம். இறங்கி எட்டரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்து தோள் வலித்தால், காரில் மடங்கி உட்கார்ந்த வலி என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுப்போம். அங்கேதான் ஆபத்து. கடலில் இறங்கி வந்த ஓரிரு நாளில் இப்படி ஏதாவது தோன்றினால், மருத்துவரிடம் முதல் வார்த்தையாக 'கடலில் ஸ்கூபா செய்தேன்' என்று சொல்ல வேண்டும். ஆக்ஸிஜனும், அழுத்த அறையில் வைத்துச் செய்யும் சிகிச்சையும் இதற்கு உண்டு, தாமதம்தான் கெடுக்கும்.

நான் அன்று கிளம்பவில்லை. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு முருடேஸ்வரிலேயே தங்கினேன். கோயில் கோபுரத்தில் லிஃப்டில் ஏறலாமா என்று பையனிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். அது 70 மீட்டர் சொச்சம்தான், தாராளமாக ஏறுங்கள் என்று சிரித்தார். மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு புறப்பட்டு இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தேன்.

பந்தி நண்பருக்கு இதையெல்லாம் பிறகு தொலைபேசியில் சொன்னேன். அவர் இப்போது திட்டத்தை மாற்றிவிட்டார். இந்த மாதமே இங்கே குளத்தில் மறுபயிற்சி. அடுத்த மாதம் வெள்ளி இரவே பாண்டிச்சேரி போய், சனிக்கிழமை காலை கடலில் இறங்குகிறார். ஞாயிறு காலை லாஸ்பேட்டையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புகிறார்கள். கணக்குப் பார்த்தால் 24 மணி நேரத்துக்கு மேலேயே வருகிறது. பத்து வயது நிரம்பிய மூத்த பையனும் பயிற்சியாளருடன் ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிப் பார்க்கலாமாம். தம்பிக்கு எட்டு வயது. அவனுக்குக் குளம்தான் என்று சொன்னதில் இருந்து அவன் அப்பாவிடம் பேசுவதில்லையாம்.