இணையமும் இளையோர் மூளையும்: வன்னிப் பெருநிலத்தை முன்வைத்து ஒரு நோக்கு

‘பிள்ளை போனை விட்டு அசைகிறானில்லை, மூளை பழுதாகப் போகிறது’ என்னும் முறைப்பாடு இன்று வன்னிப் பெருநிலத்துப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பரவலாகக் கேட்கப்படுகின்றது. அதில் உண்மை எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்பதை அறிவியல் நோக்கிலும் சமூகவியல் நோக்கிலும் வேறுபடுத்திக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கருத்துத் தெளிவு வேண்டும். இணையத்துக்கு அடிமையாதல் என்பதை ஒரு நோய்நிலையாக 1996இல் முன்வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் கிம்பெர்லி யங். ஆயினும் இணையப் பாவனை முழுவதையும் அவ்வாறு கொள்ள மருத்துவ உலகு இன்றுவரை உடன்படவில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் இணைய விளையாட்டுக் கோளாற்றை மேலும் ஆராயப்பட வேண்டியதொன்றாக மட்டுமே குறித்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றது. அங்கும் அளவுகோல் மணிக்கணக்கு அன்று. கட்டுப்பாட்டை இழத்தல், ஏனைய கடமைகளைப் புறந்தள்ளுதல், தீங்கு கண்டும் தொடர்தல் ஆகியவை, பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்து வாழ்வைக் குலைப்பதே அளவுகோலாகும்.

இனி மூளையின் இயக்கத்தை நோக்குவோம். 1954இல் மொன்றியலில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் ஆகியோர் எலிகளின் மூளையிற் குறித்த பகுதிகளை மின்னாற் தூண்டினர். அத்தூண்டலைப் பெறுவதற்காக எலிகள் நெம்பை ஓயாது அழுத்தின. அப்பகுதிகளோடு தொடர்புடைய டொபமின் என்னும் இரசாயனம் இன்பத்தின் ஊற்று என நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் முதலியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு, எதிர்பாராத பயன் கிட்டும்போதே டொபமின் உயிரணுக்கள் மிகுதியாகத் தூண்டப்படுகின்றன எனக் காட்டியது. அதாவது, இது ‘மீண்டும் முயல்க’ எனக் கற்பிக்கும் சமிக்ஞையாகும். எப்போது பயன் வரும் எனத் தெரியாத நிலையிற் பழகிய பழக்கமே எளிதில் அழியாதது என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் முன்னரே நிறுவியிருந்தார்.

முல்லைத்தீவுக் கடலில் வலை வீசுபவரும் நிச்சயமின்மையோடுதான் தொழில் செய்கின்றார். ஆனால் வலை இழுத்து முடிந்ததும், வெயில் ஏறியதும் அவர் கரை சேர்கின்றார். கைத்தொலைபேசித் திரைக்குக் கரை இல்லை. பார்ப்பவரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்று இலாபம் காணும் நிறுவனங்கள், முடிவுறாது நகரும் பக்கத்தை வேண்டுமென்றே அமைத்துள்ளன. தன்னைக் கட்டுப்படுத்த உதவும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்து வருவது என்பதால், இளையோர் இப்பொறியில் எளிதிற் சிக்குகின்றனர்.

மூளைப்படங்களை ஆதாரமாகக் காட்டும் கூற்றுக்களை மாத்திரம் அவதானத்தோடு ஏற்கவேண்டும். மிகையாக விளையாடுவோரின் முன்மூளையிற் சில வேறுபாடுகள் காணப்பட்டமை உண்மையே. எனினும் அவ்வாய்வுகளிற் பல ஒரு தடவை மட்டும் எடுத்த படங்களை ஒப்பிடுபவை. வேறுபாடு பழக்கத்தின் விளைவா, பழக்கத்திற்கு முன்னரே இருந்ததா என்பதை அவை கூறமாட்டா. உறக்கக் குறைவு ஏற்படுத்தும் தீங்கோ ஐயத்துக்கு இடமற்றது. நினைவு உறுதிபெறுவதும் அடுத்த நாளின் கவனமும் உறக்கத்திலேயே தங்கியுள்ளன.

இங்கேதான் வன்னியின் வரலாறு முக்கியத்துவம் பெறுகின்றது. பிற இடங்களில் வானொலி, தொலைக்காட்சி, கணினி, கைத்தொலைபேசி என்பன தலைமுறை தலைமுறையாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வன்னியின் பெரும்பகுதியிலோ போர் முடியும்வரை மின்கட்டமைப்போ கைத்தொலைபேசிச் சேவையோ இருக்கவில்லை. 2009 மே மாதத்தின் பின், முகாம்களிலிருந்து மீண்ட மக்களிடம் இவை ஏறத்தாழ ஒருசேர வந்தடைந்தன. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. பிள்ளையின் கையில் அதனைக் கொடுத்தது பிள்ளையின் ஆசை மட்டுமன்று என்பதை நாம் மறத்தலாகாது.

அது சென்றடைந்த மனங்களும் காயமுற்றவை. இலங்கையின் போர் பாதித்த மாகாணங்களில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம், இறுதிப் போருக்கு முன்னரே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, 92 சதவீதத்தினர் கடும் அதிர்ச்சி அனுபவங்களுக்கு உள்ளாகியிருந்ததாகவும், 25 சதவீதத்தினரிடம் மனவடு நோய் காணப்பட்டதாகவும் கூறிற்று. அப்பிள்ளைகள் இன்று பெற்றோராகும் வயதினர். தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் போர் சிதைத்தமையைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியுள்ளார். உறக்கம் வராத வீட்டில் ஒளிரும் திரை ஆறுதலாக அமைவது வியப்பன்று. அவ்வாறுதலே எஞ்சிய உறக்கத்தையும் பறிப்பதுதான் அவலம்.

சூழலின் வலிமைக்கு இன்னொரு போரின் சான்று உண்டு. வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்த அமெரிக்கப் படையினரை லீ றொபின்ஸ் 1970களில் ஆராய்ந்தார். நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் அவர்களுள் ஏறத்தாழ 5 சதவீதத்தினரே. பொருள் மாறவில்லை, வாழ்வு மாறியது. ஹெரோயினும் இணையமும் ஒன்றல்ல எனினும், பழக்கத்தின் வேர் சூழலிலும் உள்ளது என்ற பாடம் இரண்டிற்கும் பொருந்தும்.

ஆகவே கைத்தொலைபேசியைப் பறிப்பதால் மட்டும் பிரச்சினை தீராது. கடல் கடந்து வாழும் தந்தையின் குரலும் அதன் வழியாகவே வருகின்றது. இரவிற் கருவியைப் படுக்கைக்கு அப்பால் வைத்தல் எளிய தொடக்கம். மாலையிற் பிள்ளை செல்வதற்கு உயிர்ப்புள்ள வாசிகசாலை, சனசமூக நிலையம், விளையாட்டு மைதானம் என்பன வேண்டும். பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன; 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமும் உண்டு. வன்னிப் பிள்ளைகளை வன்னி மண்ணிலேயே, தமிழிலேயே ஆராயும் பொறுப்பு இவற்றுக்குரியது. பிள்ளையின் மூளையைக் குறைகூறுமுன் அதற்கு நாம் அமைத்துக் கொடுத்த உலகை ஆராய்வோமாக.