டிரெடில் அச்சும் மெஷின்மேனின் கைத்திறனும்

அச்சடிப்பது என்பது எழுத்தின்மீது மை தடவித் தாளை வைத்து அழுத்தும் காரியந்தானே என்று எவரும் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், அந்த அழுத்தம் எவ்வளவாக இருக்கவேண்டும், எந்த இடத்தில் கூடவேண்டும், எந்த இடத்தில் குறையவேண்டும் என்பதில்தான் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை, டிரெடில் யந்திரத்தின் முன்னால் நின்று பழகியவர்கள் நன்கறிவார்கள். கல்யாணப் பத்திரிகை முதல் கடை ரசீது வரை, நம் ஊர்ச் சிற்றச்சகங்களிலிருந்து நெடுங்காலம் வெளிவந்த சில்லறை வேலைகள் பெரும்பாலும் இந்த யந்திரத்தில் உருவானவையே.

அமெரிக்கரான ஜார்ஜ் கார்டன் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வகுத்த அமைப்பு, பல உற்பத்தியாளர்களின் கையில் திருத்தம் பெற்று உலகெங்கும் பரவியது. முதலில் காலால் மிதித்தும், பிற்காலத்தில் மின்மோட்டாராலும் இதை ஓட்டினார்கள். எழுத்துகளை வரிவரியாகக் கோத்து, இரும்புச் சட்டத்துக்குள் ஆப்பு வைத்து இறுக்கிய பாரம் ஒரு பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். அதற்கு எதிரே, தாளை ஏந்திய இரும்புப் பலகை சிப்பியின் ஓட்டைப்போல் திறந்து திறந்து மூடும். திறந்திருக்கும் கணத்தில் உருளைகள் மேலிருந்து இறங்கி, எழுத்துகளின் முகத்தில் மை பூசித் திரும்பும். பலகை மூடும்போது அவை உச்சியிலுள்ள வட்டத் தட்டின்மேல் ஏறிப் புதிய மையை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் அத்தட்டு சிறிதளவு திரும்பிக்கொடுப்பதால் மை எங்கும் சமமாகப் பரவுகிறது.

மெஷின்மேன் வலக்கையால் வெள்ளைத்தாளைக் கொடுத்து, இடக்கையால் அச்சான தாளை எடுக்கிறார். மணிக்கு ஆயிரம் தாள் என்றால், ஒரு தாளுக்குக் கிடைக்கும் அவகாசம் நான்கு விநாடிக்கும் குறைவு. தாள் கோணலாக விழுந்துவிட்டால் அதைத் திருத்தக் கையை நீட்டலாகாது. பக்கத்திலுள்ள கைப்பிடியைத் தள்ளி அழுத்தத்தை விலக்கி, அந்தச் சுற்றை வீணாகப் போகவிடவேண்டும். ஒரு தாளைக் காப்பாற்றப் போய் விரலை இழந்தவர்கள் இத்தொழிலில் உண்டாதலால், பழகுகிறவருக்கு முதலில் கற்பிக்கவேண்டிய பாடம் இதுவே.

ஆயினும், வேகம் பழக்கத்தினால் வந்துவிடும். தொழில்ஞானம் வெளிப்படுவது, ஓட்டத்தைத் தொடங்குவதற்கு முந்தைய நேரத்தில்தான். ஈயமும் ஆன்டிமணியும் வெள்ளீயமும் கலந்து வார்க்கப்படும் எழுத்துகள் யாவும் 0.918 அங்குல உயரம் இருக்கவேண்டும் என்பது விதி. ஆனால், பல வருஷம் உழைத்துத் தேய்ந்த எழுத்தும் நேற்று வாங்கிய எழுத்தும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கும்போது விதி எங்கே நிற்கும்? ஆகையால் மெஷின்மேன் ஒரு தாளை அடித்து, அதைத் திருப்பிப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்வாகப் பார்க்கிறார். எழுத்து மிகையாக அழுந்திய இடத்தில் பின்புறம் புடைத்திருக்கும். அழுந்தாத இடம் மழமழவென்றிருக்கும். அழுந்தாத இடங்களைப் பென்சிலால் வளைத்துக் குறித்துக்கொண்டு, தாளுக்கு அடியில் வைக்கும் மெத்தைத் தாள்களில் அந்தந்த இடத்துக்கு நேராக டிஷ்யூ காகிதத் துணுக்குகளைக் கிழித்து ஒட்டுகிறார். மிகையாக அழுந்திய இடத்தில் மெத்தையைக் கீறி எடுக்கிறார். கத்தரித்து ஒட்டினால் துணுக்கின் விளிம்பு அச்சில் தெரியக்கூடும் என்பதற்காகவே கையால் கிழிக்கிறார். அரைமணி நேர அச்சுக்காக ஒரு மணி நேரம் இவ்வாறு பிரயாசைப்படுவது வீண் என்று நினைக்கும் முதலாளிக்கு நல்ல அச்சு கிடைக்காது.

தமிழ் எழுத்துகள் இந்த விஷயத்தில் தனிக் கவனத்தை வேண்டுவன. மெய்யெழுத்தின் தலைக்குமேல் தனித்து நிற்கும் புள்ளி, தன் சிறு பரப்பில் அழுத்தத்தையெல்லாம் ஏற்று மெல்லிய தாளைத் துளைத்துவிடும். அது தேய்ந்துபோனாலோ 'மக்கள்' என்பது 'மக்கள' என்றாகிவிடும். மை சற்றே மிகுந்தாலும் 'ண'கரத்தின் சுழிகள் அடைபட்டுக் கரும்பொட்டுகளாகும். ஆகவே சமர்த்தரான மெஷின்மேன், நூறு தாளுக்கு ஒருமுறையேனும் ஒன்றை உருவிப் புள்ளிகளையும் சுழிகளையும் மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

உருளைகளும் அவருடைய பொறுப்பே. வஜ்ஜிரப் பசையும் வெல்லப்பாகும் சேர்த்துக் காய்ச்சி வார்த்த பழைய உருளைகள் கோடையில் இளகவும் மழைக்காலத்தில் ஊதவும் செய்தன. ரப்பர் உருளைகள் வந்த பிறகே அந்தச் சங்கடம் தீர்ந்தது.

ஆப்செட் முறை வந்தபின் ஈய எழுத்துகள் பழைய உலோகமாக எடைக்குப் போயின. டிரெடிலோ, ரசீதுப் புத்தகங்களுக்கு வரிசை எண் இடவும், கிழிப்பதற்கான துளைவரி போடவும், அட்டைகளை மடிப்பதற்குத் தடம் பதிக்கவும் இன்றும் சில அச்சகங்களில் உழைக்கிறது. அத்தகைய ரசீது கைக்கு வந்தால் எண்ணின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். எண் நல்ல கறுப்பாகவும், புடைப்பு விரலுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்குமானால், அதை அடித்தவர் தொழில் தெரிந்தவர் என்று தயங்காமல் சொல்லலாம்.