பாலைவன வண்டியும் பாரம் தாங்கும் வில்லும்

பாதையற்ற பாலைவனத்தில் மோட்டார் வண்டியை நம்பிப் புறப்படுவோர், தம் உயிரைச் சில எஃகுத் தகடுகளின் மேல் வைத்துச் செல்கின்றனர் என்பது மிகைக் கூற்றன்று. குடிநீர், உணவு, எரிபொருள், உதிரிப் பாகங்கள் ஆகிய யாவும் வண்டியிலேயே செல்ல வேண்டும். வண்டி நின்றுவிட்டால் அடுத்த கிணறு நூறு மைலுக்கு அப்பால் இருத்தல் கூடும். எனவே பாரத்தையும் குறைக்க இயலாது. பாரத்தால் வண்டி முறியவும் விடலாகாது. இவ்விரு நெருக்கடிகளுக்கும் இடையில் நின்று தாங்குவது வில் ஆகும்.

இச்சிக்கலை நன்கு உணர்ந்தவர்களுள் ஒருவர் ரால்ஃப் பாக்னோல்ட் என்னும் பிரித்தானிய இராணுவ அதிகாரி. 1920களின் பிற்பகுதி தொட்டே போர்ட் மோட்டார்களில் லிபியப் பாலைவனத்தை ஆராய்ந்தவர் அவர். 1940ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போரின்போது, கெய்ரோ நகரில் தொலைதூரப் பாலைவனப் படையை அமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த காலம் ஆறு வாரமே. முப்பது அந்தர், அதாவது ஒன்றரைத் தொன், சுமப்பதற்கென ஆக்கப்பட்ட செவ்ரலே லொறிகளை அவர் தேர்ந்தெடுத்தார். ஆனால், ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட பயணத்துக்கு வேண்டிய பொருள்களை ஏற்றியபோது பாரம் அவ்வளவோடு நிற்கவில்லை. ஆகவே அவற்றின் வில்களுக்கு மேலும் தகடுகள் சேர்த்து வலுவூட்டப்பட்டன.

தகடு சேர்ப்பதனால் நிகழ்வது யாது? ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். எட்டுத் தகடுகள் கொண்ட வில் ஒன்று, 200 இறாத்தல் பாரத்துக்கு ஓர் அங்குலம் தாழ்கிறது என்று கொள்வோம். அது தாழக்கூடிய மொத்த அளவு ஏழு அங்குலம். 800 இறாத்தல் ஏற்றினால் நான்கு அங்குலம் தாழும். மேடு பள்ளங்களுக்கு மூன்று அங்குலம் எஞ்சும். பாரம் 1,200 இறாத்தலாகிவிட்டால் ஆறு அங்குலம் தாழ்ந்து, எஞ்சுவது ஓர் அங்குலமே ஆகும். பின்னர் சிறு கல்லில் ஏறினாலும் அச்சு மேலெழுந்து சட்டகத்தை மோதும். அதே வகைத் தகடுகள் இரண்டைச் சேர்த்தால் ஓர் அங்குலம் தாழ்வதற்கு ஏறத்தாழ 250 இறாத்தல் தேவைப்படும். அப்போது 1,200 இறாத்தல் பாரத்துக்கு வில் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே தாழும். இரண்டு அங்குலத்துக்கு மேல் எஞ்சும். வண்டி தப்பியது எனலாம்.

எனினும் இந்நன்மை விலையின்றிக் கிடைப்பதன்று. எரிபொருளும் நீரும் செலவாகப் பாரம் குறையும்போது, வலுவூட்டிய வில் வளைய மறுத்து ஒவ்வொரு கல்லின் அடியையும் மேலே அனுப்பும். மேலும், அழுத்தப்பட்ட வில் மீளும்போது முன்னிலும் கூடிய விசையுடன் உதைக்கும். அந்த உதைப்பை அடக்குவது சொக் அப்சோபர் எனப்படும் அதிர்ச்சி தாங்கியின் கடமை. வில்லை மட்டும் மாற்றிப் பழைய அதிர்ச்சி தாங்கியை விட்டுவைத்தால், அலையலையாய் மடிந்த பாதையில் அதனுள் இருக்கும் எண்ணெய் சூடேறி நீர்த்துவிடும்; வண்டி துள்ளும்; சக்கரம் நிலத்தின் பிடியை இழக்கும். ஆதலால் வில்லும் அதிர்ச்சி தாங்கியும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சேர்த்தே மாற்றப்படல் வேண்டும். தகட்டு வில்லில் தலைத்தகடே அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது. அது முறிந்தால் அச்சு நகர்ந்துவிடும் என்பதனால் அனுபவசாலிகள் மாற்றுத் தலைத்தகடு ஒன்றை உடன் கொண்டு செல்வர்.

இவ்விடத்திலேயே பலர் ஏமாறுகின்றனர். வலுவான வில் பூட்டிய வண்டி, பாரம் ஏற்றிய பின்னும் நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்பதால் அது கூடுதலாகச் சுமக்க வல்லது என்று எண்ணுவது பெருந்தவறு. பாரம் எங்கும் போய்விடவில்லை. அச்சு, சக்கரத் தாங்கிகள், சட்டகம், ரயர், தடை ஆகியன அதனை முழுமையாகவே சுமக்கின்றன. இக்காலத்தில் பின்வில்லுக்குத் துணையாகக் காற்றுப்பை பொருத்தும் வழக்கம் உண்டு. வில்லின் இரு முனைகளாலும் பகிர்ந்து வாங்கிய பாரத்தைக் காற்றுப்பை சட்டகத்தின் ஓரிடத்திலேயே குவிக்கின்றது. பின்னச்சுக்கு அப்பால் சுமையைத் தொங்கவிட்டு, இவ்வாறு காற்றுப்பையும் பொருத்திக் கரடுமுரடான நிலத்தில் ஓடிய வண்டிகள் சில, அவ்விடத்திலேயே சட்டகம் வளைந்து போனதுண்டு. பாரம் தாழ்த்திய வண்டி தன் துன்பத்தைத் தானே காட்டும். நிமிர்த்திய வண்டியோ முறியும் வரை அதனை மறைத்து வைக்கும்.

பாக்னோல்ட் இதனை அறிந்தே செயற்பட்டார். வில்லுக்குத் தகடு சேர்த்த அதே வேளையில், லொறிகளின் கதவுகளையும் மேற்கூரையையும் முன்கண்ணாடியையும் கழற்றி வீசினார். அகன்ற ரயர்களைப் பூட்டிக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடவைத்தார். அதனால் பாரம் பரந்த மணற்பரப்பில் பகிரப்பட்டது. மென்மையான ரயரே முதல் வில்லாகவும் உதவியது.

எனவே முறை இதுவாகும்: முதலில் வண்டியை முழுச் சுமையுடன் நிறுத்துப் பார்த்தல், அடுத்து வேண்டாதவற்றை இறக்குதல், எஞ்சியதைத் தாழ்வாகவும் இரு அச்சுகளுக்கும் இடையிலும் அடுக்குதல், அதன் பின்னரே, அந்த நிறைக்கு ஏற்ற வில்லைத் தேடுதல். மயிலிறகும் மிகையாக ஏற்றப்படின் வண்டியை முறித்துவிடும் என்று வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்தார் வள்ளுவர். அவர் கண்ட வண்டிக்கு வில் கிடையாது. முறிவதாக அவர் கூறியது அச்சேயாகும். வில் எத்துணை வலிதாயினும் அதன் கீழே இன்றும் ஓர் அச்சு இருக்கின்றது.